‘உடனே வரவும்’ என்று வந்த மெயில்

உங்கள் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள் மேடம். முதலில் அதைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் படித்துவிட்டேன். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு திரையைப் பார்த்தால் என் கண் தானாக ஓட்டையைத் தேடிப் போகும். பழக்கமாகிவிட்டது.

நிதானமாகவே சொல்கிறேன். வாக்குமூலம் எழுதிக்கொள்கிறவருக்கும் கை வலிக்காமல் இருக்கும்.

என் பெயர் பானுமதி. வயது நாற்பத்தேழு. காரிமங்கலத்தில் சந்தைக்குப் போகிற வழியில் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், காலேஜ் சீட்டு, எதற்குப் போட்டாலும் ஒரு இமெயில் முகவரி கேட்கும். எங்கள் பக்கத்தில் ராகியும் சாமந்தியும் போடுகிறவர்களுக்கு இமெயில் ஏது? நான்தான் உண்டாக்கிக் கொடுத்தேன். பதினாலு வருடத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேருக்கு. பாஸ்வேர்டையும் நானே வைத்தேன். மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு போன் நம்பர் கேட்குமல்லவா, அதற்கு என் நம்பரையே கொடுத்தேன். அவர்கள் வருடத்துக்கு ஒரு நம்பர் மாற்றுவார்கள். நான் மாற்றுவதில்லை.

அதில் முதல் பன்னிரண்டு வருடம் யாரும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆதார் கார்டை மேஜைமேல் வீசிவிட்டு, “ஏம்மா, ரெண்டு காப்பி போடு” என்பார்கள். இதை நான் புகாராகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதையும் புகாராகச் சொல்லவில்லை. குடும்ப விவரம் கேட்டீர்கள், சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தர்மபுரி டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரின் நோயாளிப் பட்டியல் இன்டர்நெட்டில் கசிந்தது. பெயர், போன் நம்பர், மெயில் முகவரி, ஏற்கெனவே என்னென்ன வியாதி, எந்த உறுப்பை ஸ்கேன் எடுத்தார்கள், அதில் என்ன தெரிந்தது என்பது வரை எல்லாம் வெளியே வந்துவிட்டது. பத்து நாளில் காரிமங்கலத்தில் வீட்டுக்கு வீடு மெயிலும் போனும் வர ஆரம்பித்தன.

முதலில் என் கடைக்கு ஓடிவந்தவர் புளி மண்டி குப்புராஜ். பெரிய ஆள். சந்தையில் அவர் நடந்து வந்தால் மூட்டைகள்கூட வழிவிடும் என்று கேலி பேசுவார்கள். அன்றைக்கு வேட்டி நுனி ஒரு கையில், போன் இன்னொரு கையில். ‘உங்கள் கல்லீரல் அறிக்கை எங்களிடம் உள்ளது. கீழே உள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் உங்கள் உறவினர் அனைவருக்கும் அனுப்பப்படும்’ என்று மெயில் வந்திருந்தது.

“பானும்மா, என் ஈரல் சமாச்சாரம் இவனுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது? வூட்டுல நான் குடிக்கறதில்லைன்னு சொல்லி வெச்சிருக்கறேங்க” என்றார்.

அந்த ‘ங்க’வைக் கவனியுங்கள் மேடம். பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் ‘ங்க’ அதுதான்.

அவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இணைப்பை அழுத்தாதீர்கள். பதில் போடாதீர்கள். அனுப்பியவரின் பெயரை விட்டுவிட்டு முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். மெயிலைத் திறக்க போனுக்கு ஓடிபி எண்ணும் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் எண் 1930-க்குப் போன் போடுங்கள். இதில் ஒன்றாவது தவறு என்று உங்கள் துறையில் யாராவது சொல்ல முடியுமா? முடியாது. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சரியானது.

அப்புறம் கூட்டம் வந்தது. கடை வாசலில் செருப்பு நிறைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். மகளிர் குழுவில் பொன்னாடை போர்த்தினார்கள். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் இடம். “பானுமதிங்க வந்துட்டாங்க, எல போடுங்க” என்று ஒரு குரல் கேட்கும். நான் பெரிதாக ஒன்றும் மகிழ்ந்துவிடவில்லை. ஆனால் இரண்டு புதுப் புடவை எடுத்தேன்.

நாலு மாதம் அப்படி ஓடியது. பயத்தில் ஒரு சிக்கல் உண்டு மேடம். அது கெட்டுப்போகிற பொருள். ஆடி மாதத்துக்குள் காரிமங்கலத்தார் பயத்தை மறந்துவிட்டார்கள். குப்புராஜ் மறுபடியும் தன் பெயரையும் ஒன்று, இரண்டு, மூன்றையும் பாஸ்வேர்டாக வைத்துக்கொண்டார். ஒருநாள் மண்டி ஆள் ஒருவன் வந்து ஆதாரை மேஜைமேல் வீசினான். “ரெண்டு காப்பி” என்றான்.

அன்றைக்குத்தான் இவர்களை இப்படியே விட்டால் ஆபத்து என்று எனக்கு உறைத்தது.

குழந்தைக்கு அம்மை வராமல் இருக்க அம்மைக் கிருமியைத்தான் கொஞ்சமாக ஊசியில் ஏற்றுகிறார்கள். நான் செய்ததும் அதுவே. பயிற்சி மெயில் என்று அதற்குப் பெயர் வைத்தேன். பெரிய கம்பெனிகளில் தங்கள் ஆட்களுக்கு இப்படி அனுப்பிச் சோதிக்கிறார்கள். காரிமங்கலத்துக்கு ஒரு கம்பெனி இல்லை. நான் இருந்தேன்.

முதல் பயிற்சி மெயில் குப்புராஜுக்குப் போனது. ‘இன்று மாலை உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்.’ நாலே நிமிடத்தில் அழுத்திவிட்டார். அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ‘உங்கள் விவரங்கள் எடுக்கப்பட்டன’ என்று சிவப்பில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். மண்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரியும், அதனால் சர்க்கரை போடாமல். “நல்லவேளை என்கிட்ட வந்தீங்க” என்றேன். கண் கலங்கிவிட்டார் பாவம்.

முதல் வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மெயில். யார் அழுத்தினார்கள், யார் அழுத்தவில்லை என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போன கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒருவரிடமும் ஒரு பைசா நான் தொடவில்லை. பதினோரு பேர் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினார்கள். அவர்களுக்கு மட்டும் வாரம் ஒன்று என்று அனுப்பினேன். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் வகுப்பு வைப்பது மாதிரி.

பலன் இல்லாமல் போகவில்லை. கீழ்த்தெருவில் மாது என்று ஒருவர், ஒருநாள் பாலக்கோடு ரோட்டில் பைக்கோடு விழுந்தார். போன் நொறுங்கிவிட்டது. வழியில் போன யாரோ ஒருவருடைய போனில் வீட்டுக்குப் பேசினார். அவர் மனைவி ராணியம்மாள் என் வகுப்பில் முன்வரிசை. அறியாத நம்பரிலிருந்து சொந்தக்காரர் பேசினால் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“நாம மொதல்ல வாங்குன மாட்டுக்கு என்ன பேருன்னு சொல்லு” என்று கேட்டிருக்கிறார் ராணியம்மாள்.

“கால் ஒடிஞ்சி கெடக்கறேன்டி, மாட்டு பேரக் கேக்கறயா?”

“எம் புருசன் என்னை டீ போட்டுப் பேச மாட்டாரு. யாருகிட்ட கதை வுடற?” என்று வைத்துவிட்டார்.

மாது வீங்கிய காலோடு லாரி ஏறி, மீதியை நொண்டி நடந்து வீடு வந்து சேர்ந்தார். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ராணியம்மாளை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னேன்.

மெத்தைக் கடை நிசார் அகமது தன் மகள் அல்மாஸின் கல்யாணப் பத்திரிகையை எல்லோருக்கும் போனில் அனுப்பியிருந்தார். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில்தான் இப்போது திருட்டு ஃபைல் வருகிறது, தொடாதீர்கள் என்று அதற்கு முந்தைய வாரம்தான் நான் பேசியிருந்தேன். ஒருவரும் திறக்கவில்லை. அறுநூறு பேருக்குப் பிரியாணி. வந்தவர்கள் தொண்ணூறு பேர். மறுநாள் என் கடைக்கு வந்து, “ஊர்ல என்மேல ஏதாச்சும் மனத்தாங்கலுங்களா?” என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, ஊர் விழித்துக்கொண்டது என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை. கல்யாணப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எந்தப் பாதுகாப்புக்கும் சில சங்கடங்கள் உண்டு.

குப்புராஜுக்குச் சர்க்கரை இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. மேடம் கவனித்திருப்பீர்கள், மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறீர்கள்.

ஸ்கேன் சென்டர் பட்டியல் என்னிடம் இருந்தது. அது கசிவதற்கு முன்னால் அவர்களுடைய பழைய ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற வேலையை மூன்று மாதம் நான்தான் செய்தேன். அவர்களுக்குப் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? சென்டரின் பெயர். வாசலில் போர்டு மாட்டி விளக்குப் போட்டிருக்கிற அதே பெயர். மேனேஜரிடம் சொன்னேன், ஒருமுறை இல்லை, மூன்று முறை. “டைப் அடிக்க வந்தீங்கன்னா டைப் மட்டும் அடிங்கம்மா” என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சொல்லிப் புரியாதவர்களுக்குக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும். பட்டியலை யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு இடத்தில் போட்டேன். விற்கவில்லை. போட்டேன், அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு போய்க் குப்புராஜுக்கு அந்த முதல் மெயிலை அனுப்பியது யாரோ திருடர்கள். அவர்கள் செய்தது குற்றம். நீங்கள் அவர்களைத்தான் தேட வேண்டும்.

பயிற்சி மெயிலுக்காகத்தான் என்னைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். குப்புராஜுக்கு ஒன்பதாவது பயிற்சி மெயில் போனபோது, பெங்களூரில் வேலை பார்க்கிற அவர் மகள் ஊருக்கு வந்திருந்தாள். கெட்டிக்காரப் பெண். மெயில் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் பிடித்து என் கடை வரை வந்து, உங்களிடம் புகாரும் கொடுத்துவிட்டாள். காரிமங்கலத்தில் ஒருவராவது அப்படித் தேடுகிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உங்கள் புகார்த் தாளில் இவ்வளவுதான் இருக்கிறது. குரு என்கிற பையனின் பெயர் அதில் இல்லை. நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன்.

குரு, தீர்த்தம்மாளின் மகன். இருபத்தொன்பது வயது. டிராக்டர் மெக்கானிக். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் தர்மபுரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவான். அப்பா இல்லை. தீர்த்தம்மாள் அரை ஏக்கரில் சாமந்தி போட்டு அவனைப் பார்த்துக்கொண்டார். அவருடைய சிறுநீரகம் பொருந்தவில்லை. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான். மெயில் முகவரி நான் உண்டாக்கியது.

போன ஜனவரியில் குருவுக்கு ஒரு பயிற்சி மெயில் அனுப்பினேன். ‘உங்களுக்குச் சிறுநீரகம் தயாராக உள்ளது. பதிவை உறுதி செய்ய இங்கே அழுத்தவும்.’ ஆசை எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருடன் தூண்டில் போடுவான். அதனால் பயிற்சியையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். அழுத்தினான். அம்மாவும் மகனும் கடைக்கு ஓடிவந்தார்கள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொய் மெயில் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு குரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இப்பிடியுமா செய்வானுங்க? ஒரு உசுரு வெசயத்துல?” என்று கேட்டார் தீர்த்தம்மாள்.

“செய்வாங்கம்மா” என்றேன்.

அன்றைக்கே இரண்டு பேர் போனையும் வாங்கி, பெயர் பதியாத நம்பர்கள் உள்ளே வர முடியாதபடி அடைத்துக் கொடுத்தேன். அழைப்பு வந்த சுவடுகூடத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு சந்தை நாள். காலையில் மகளிர் குழுக் கூட்டத்தில் அறுபது பெண்களுக்கு வகுப்பெடுத்துவிட்டு வந்திருந்தேன். ‘உடனே’ என்ற சொல் இருந்தால் அந்த மெயில் பொய், இதற்கு விதிவிலக்கே கிடையாது என்று மூன்று முறை சொல்ல வைத்து அனுப்பினேன். பன்னிரண்டு மணி வாக்கில் குருவும் தீர்த்தம்மாளும் வந்தார்கள். துவைத்த சட்டை போட்டிருந்தான். தீர்த்தம்மாள் கையில் ஒரு ஒயர்க்கூடை. லுங்கி, துண்டு, ஆஸ்பத்திரி ஃபைல். காலைக் கூட்டத்துக்கு வந்த இரண்டு பெண்கள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, இத மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று போனை நீட்டினான் குரு.

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். உங்கள் இரு எண்களுக்கும் பலமுறை அழைத்தோம், தொடர்பு கிடைக்கவில்லை, பொருத்தமான சிறுநீரகம் வந்திருக்கிறது, மாலை நாலு மணிக்குள் உடனே வரவும் என்று இருந்தது.

அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். சரியாக இருந்தது. பதிவு எண்ணைப் பார்த்தேன். நான் என் கையால் நிரப்பிய எண். கீழே இருந்த போன் நம்பரும் விண்ணப்பத்தில் இருந்ததே. அழுத்தச் சொல்லி எந்த இணைப்பும் இல்லை. அரை நிமிடம்கூட எனக்கு ஆகவில்லை.

“பொய் தம்பி” என்றேன்.

“ஒரு போன் போட்டுப் பாத்துரலாங்களாக்கா?”

“மெயில்ல இருக்கற நம்பருக்கே போன் போட்டா, எடுத்துப் பேசறவனும் அவனேதானே? வகுப்புல சொன்னேனில்ல.”

“நெசமா இருந்துட்டா?”

“நெசமா இருந்தா அவங்களே கூப்பிட்டிருப்பாங்க. போன் வந்துச்சா உனக்கு?”

குரு போனைத் திருப்பிப் பார்த்தான். “வரலீங்க.”

தீர்த்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப போவ வேண்டாங்களா?”

“போனா உங்களுக்குத்தான் அலைச்சல்மா.”

மெஷின் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வாசலில் தர்மபுரி பஸ் ஆரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். குருவுக்குத் தண்ணீர் அளவு என்பதால் அரை டம்ளர்தான் குடித்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

எழுதுகிறவர் ஏன் நிறுத்திவிட்டார்? யோசித்துப் பாருங்கள் மேடம். விதிவிலக்கே கிடையாது என்று காலையில்தான் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் ஒரு ‘உடனே’ மெயில் உண்மை என்று ஆகிவிட்டால், சந்தை கலைவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு ஒவ்வொருத்தரும், குருவுக்கு வந்தது நிஜமாக இருந்ததே, எனக்கு வந்ததும் நிஜமாக இருக்கும் என்று அழுத்துவார்கள். இரண்டு வருட உழைப்பு ஒரு மத்தியானத்தில் போய்விடும். ஒரு பக்கம் ஒரு ஆள். இன்னொரு பக்கம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். இதில் என் மரியாதை என்ற பேச்சே இல்லை. அதை நான் நினைக்கவே இல்லை.

நாலரை மணிக்கு அவன் மெயிலை என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதால் வரிசையில் அடுத்தவரை அழைத்துவிட்டோம் என்று இன்னொரு மெயில் வந்திருந்தது. இரண்டையும் அழித்தேன். குப்பையிலிருந்தும் அழித்தேன். அந்தச் சிறுநீரகம் வீணாகவில்லை, வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் இருபதாம் தேதி குரு இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தீர்த்தம்மாள் கடைக்கு வந்தார். மடியில் சாமந்திப் பூ கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம் பையன் போற காலத்துல அந்தப் பாவிங்க கையில சிக்காம காப்பாத்துனீங்க. அது ஒண்ணுதாங்க எனக்கு நிம்மதி.”

அவர் கை சுரசுரப்பாக இருந்தது. பூவைச் சாமி படத்துக்குப் போட்டேன். வாடுவதற்கு மூன்று நாள் ஆயிற்று.

எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் சென்டர் பட்டியலை வெளியே விட்டது நான். பயிற்சி மெயில்கள் எல்லாம் நான் அனுப்பியவை. ஜனவரியில் குருவுக்கு வந்த பொய் நான் எழுதியது. பிப்ரவரியில் வந்தது உண்மை என்று தெரிந்தே அவனைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

தீர்த்தம்மாளுக்கு இதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். போன் செய்யாதீர்கள், உங்கள் நம்பர் உள்ளே போகாது. கடிதம் போட்டாலும் திறக்க மாட்டார். ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினால் அடையாள அட்டை கேட்பார், அதைக் காட்டினாலும் நம்ப மாட்டார், விசாரித்துவிட்டு வருகிறேன் என்று நேராக என் கடைக்குத்தான் வருவார். அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் மேடம், அந்த அம்மாவை.